பூஞ்சை என்று நான் சொன்ன லென்ஸ்

சாமி,

இருபத்திரண்டு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. உன் அப்பா கூப்பிட்டால் எடுக்கிறாய். "சாப்ட்டேன், நல்லா இருக்கேன்" என்று இரண்டு வார்த்தை சொல்கிறாய். பின்னால் என் குரல் கேட்டதும் டவர் போய்விடுகிறது. கோயமுத்தூரில் உன் சிநேகிதன் அறையில் நான் பேசும்போது மட்டும் டவர் போகும் என்று நம்புகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. அனுப்புகிற செய்தியையும் திறந்து பார்ப்பதில்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் உன்னிடம் வந்து "உங்கம்மா எழுதியிருக்காங்களே, பாத்தியா?" என்று கேட்பார். மானம் போகிறதே என்றாவது படிப்பாய்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்து ஹனீபா பாய் இந்த மாதக் கடைசியில் ஸ்டுடியோவைக் காலி செய்துவிட்டு, ஓசூரில் மகள் வீட்டோடு போய்விடுகிறார். அந்த லென்ஸ் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. உனக்கென்று வைத்திருக்கிறார். ஆனால் என் கையில் தர மாட்டாராம். இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டேன். நீதான் வர வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் கடை திறந்திருக்கும். அதற்குப் பிறகு நீ அழுதாலும் கிடைக்காது, நான் அழுதாலும் கிடைக்காது. ஏன் என் கையில் தர மாட்டார் என்பது உனக்குப் பாதி தெரியும். மீதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமே, அதனால் உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். போனில் எடுத்தால் இரண்டு நொடியில் முடிகிற வேலையை நீ பிலிம் கேமராவில்தான் செய்வாய். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். கழுவி வர ஒரு வாரம். கேமராவோடு வந்த ஐம்பது லென்ஸ் ஏறக்குறைய நம் கண் பார்ப்பதுபோலப் பார்க்கும் என்றாய். அதை எடுத்துக்கொண்டு நம் கோழிப்பண்ணைக்குள் போனாய். செட்டுக்குள் இரண்டு பக்கமும் கூண்டு அடுக்கடுக்காக நிற்கும். நடுவில் முட்டை பொறுக்குகிற பெண்கள் தள்ளுவண்டியோடு போகிற நடை நாலடிதான். அதில் நின்று பார்த்தால் ஒரு பெண்ணின் முகமும் இரண்டு கூண்டும் வரும், அவ்வளவுதான். பின்னால் தள்ளிப் போகலாமென்றால் முதுகில் கூண்டு இடிக்கும், கோழி கொத்தும். உனக்கோ அந்தப் பெண்ணும் வேண்டும், அவளுக்குப் பின்னால் கண்ணுக்கெட்டிய மட்டும் போகிற செட்டும் வேண்டும், இரண்டும் ஒரே படத்தில். அதற்குத்தான் வைடு லென்ஸ். நம்பர் குறையக் குறைய அகலம் கூடும் என்று நீ சொன்னபோது, "எங்க யாவாரத்துல அப்படி ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். போன வருடம் வரைக்கும் நாம் அப்படித்தான் இருந்தோம்.

சென்னையில் ஒரு படக் காட்சிக்கு உன்னிடம் பன்னிரண்டு படம் கேட்டார்கள். வருகிற பொங்கலுக்குள் கொடுக்க வேண்டும். லென்ஸ் வாங்கு, எடு, அனுப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீ யோசித்தாய். இருபத்தெட்டா, இருபத்திநாலா, இருபதா என்று பதினோரு மாதம் யோசித்தாய், சாமி! இருபதில் ஓரத்தில் நிற்கிறவர்களின் முகம் பூசணிக்காயாக உப்பிவிடும். இருபத்தெட்டு எங்கும் கிடைக்கும், ஆனால் நடைக்குள் அரை எட்டு போதாமல் போகும். இருபத்திநாலு சரியாக இருக்கும், ஆனால் உன் கேமராவின் வாய்க்குப் பொருந்துவது சுலபத்தில் அகப்படாது. இதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதினாய். அட்டைப் பெட்டியை வெட்டி மூன்று அளவில் சட்டம் செய்து, அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு செட்டுக்குள் நடந்தாய். "ஏன் சாமி, கேமராவ ஊட்டுலயே மறந்துட்டு அட்டையக் கொண்டாந்துட்டீங்களா?" என்று அந்தப் பெண்கள் கேட்டது எனக்கு வாசல் வரை கேட்டது. ஈரோட்டில் ஒரு நல்ல இருபத்தெட்டு வந்தது. ஒரு ராத்திரி யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாய். விடிந்தபோது விற்றுப் போயிருந்தது. நான் டீ ஆறுவதற்குள் ஒரு லாரி முட்டைக்கு விலை முடிக்கிறவள். என் வயிற்றில் பிறந்து ஒரு கண்ணாடித் துண்டுக்கு ஒரு வருடமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அணையவில்லை.

பிறகு ஆன்லைனில் ஒரு இருபத்திநாலு வரவழைத்தாய், ஞாபகம் இருக்கிறதா? மேலே பார்த்தால் பளபளவென்று இருந்தது. நீ குழந்தை மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நான் பழக்க தோஷத்தில் அதை வாங்கி, போன் டார்ச்சைப் பின்னால் பிடித்து, முட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாக நூல், சிலந்தி வலை மாதிரி. "கண்ணு, இது உள்ளார என்னமோ ஓடியிருக்குதே" என்றேன். பூஞ்சை. நீ வாங்கிப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "ம்மா, உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" "முப்பது வருசமா முட்டையில வெளிச்சம் உட்டுப் பாக்கறனே." அன்றைக்கு என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாய்: முன் கண்ணாடியில் கீறல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, படத்தில் அவ்வளவாகத் தெரியாது. உள்ளே பூஞ்சை வந்துவிட்டால்தான் போச்சு. எனக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஏனென்றால் நான் பிழைக்க ஆரம்பித்ததே கீறல் முட்டையில்தான். ஓடு கீறினால் முட்டை கெடுவதில்லை, அன்றன்றைக்குத் தீர்த்துவிட்டால் போதும். கெட்டது என்றால் உள்ளே கெட வேண்டும். அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நீ சொன்னாய்: "அடுத்த தடவ லென்ஸு பாக்கப் போறப்ப நீயும் வாம்மா." எத்தனை வருடம் கழித்து நீயாக என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டாய் என்று எனக்குத்தான் தெரியும்.

கீறல் முட்டைக் கதையை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். ஒரு பகுதியை மட்டும் நான் உன்னிடம் சொன்னதில்லை. அப்பா லாரியில் போய்விடுவார், நீ இடுப்பில். பண்ணைகளில் ஒதுக்கி வைக்கிற கீறல் முட்டையை மலிவாக வாங்கி, நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரிக்குக் கொண்டுபோய்ப் போடுவேன். அந்தப் பேக்கரிக்காரர் ஒரு நாள்கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. "என்னம்மா இது, கோழி போட்ட முட்டையா, குருவி போட்டதா?" என்பார். "நேத்து நாறுச்சு" என்பார். நாறியிருக்காது. முதல் மாதம் அழுதுகொண்டே வந்தேன். இரண்டாம் மாதம் ஒன்றைக் கவனித்தேன். இத்தனையும் சொல்லிவிட்டு அத்தனை அட்டை முட்டையையும் அவர்தான் எடுத்துக்கொள்வார். பக்கத்து மெஸ்காரர் "அருமையான முட்டைம்மா, மகராசியா இரு" என்பார், ஒரு முட்டை வாங்க மாட்டார். குறை சொல்கிறவன்தான் வாங்குவான் என்று அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நானே வாங்கப் போனபோது அதே பேச்சைப் பேசினேன். பேசிப் பேசி அது என் நாக்கில் ஊறிவிட்டது. வீட்டுக்கு வந்தும் அதைக் கழற்றி வைக்கத் தெரியவில்லை. நீ முதன்முதலில் கழுவிக் கொண்டுவந்து காட்டிய படங்களைப் பார்த்து, "என்ன கண்ணு, பாதி இருட்டா இருக்குது" என்றேனே. அதில் ஒன்றை எடுத்து என் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதை உனக்குச் சொல்லவில்லை. இருட்டாக இருக்கிறது என்றதை மட்டும்தான் சொன்னேன்.

இப்போது சேலத்துக்கு வருகிறேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் பாயின் ஸ்டுடியோ. குறுகல் படி. நாம் போனதும் அவர் உள்ளே போய் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கொண்டுவந்தார். பலகாரம் என்று நான் நினைத்தேன். திறந்தால் வெள்ளைத் துணி. துணிக்கு அடியில், செருப்புப் பெட்டிக்குள் போட்டு வருமே, ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலம், அது நாலைந்து. நடுவில் அந்த லென்ஸ், நீ தேடிய இருபத்திநாலு. "கீழ கடைக்காரரு எடுத்து வெச்சுக் குடுப்பாரும்மா. மாசம் ஒரு தரம் மாத்திருவேன்" என்றார். "நம்ம ஆளுங்க ஊட்டு நிக்காஹெல்லாம் அப்ப சின்ன ரூம்புலதான். மாப்பிள்ளை, பொண்ணப் பெத்த அத்தா, ஓதி வெக்கற ஹஜ்ரத்து, சாட்சிங்க, அத்தன பேரும் ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்தாப்புல இருப்பாங்க. இத வெச்சுத்தான் எடுப்பேன். என் மாமனைக் காணோம், மச்சானைக் காணோம்னு ஒருத்தரும் ஆல்பத்த வெச்சுக்கிட்டுச் சண்டைக்கு வந்ததில்ல."

நீ அதைக் கேமராவில் மாட்டி, கண்ணில் வைத்தாய். அந்தச் சின்ன அறையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாய். நோட்டும் அட்டையும் எங்கே போயினவோ, உன் தோள் இரண்டும் இறங்கின. "பாய், இதான் பாய்" என்றாய். வாங்க வந்தவன் பேசுகிற பேச்சா அது? நீ அப்படிச் சொன்ன பிறகு அவர் என்ன விலை வேண்டுமானாலும் சொல்லலாமே! அவர் சொன்னதோ நியாயமான விலை. நீ அங்கங்கே விசாரித்து வைத்திருந்ததைவிடக் குறைவு. அதோடு நான் கும்பிட்டுவிட்டு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் என் மகன் ஏமாந்துவிடுவான் என்று என் நாக்கு தானாக எழுந்துவிட்டது. லென்ஸை வாங்கினேன், டார்ச்சை வைத்துப் பார்த்தேன். உள்ளே தெளிந்த கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. முன் கண்ணாடியில் முடி மாதிரி ஒரே ஒரு கீறல்.

"ஏனுங்க பாய், முன்னாடியே கீறிக் கெடக்குதுங்களே" என்றேன்.

"அது மேல்கண்ணாடிம்மா. படத்துல வராது. தம்பிக்குத் தெரியும்."

"உங்க காலத்துச் சாமானம். இப்ப இதையெல்லாம் ஆருங்க வாங்கறா?"

அவர் சிரித்தார். சிரிக்கிறாரே, இன்னும் கொஞ்சம் தட்டினால் இறங்குவார் என்று நினைத்தேன். "உள்ளாரயும் பூஞ்சை ஓடியிருக்குதாட்ட இருக்குது. நூலு நூலாத் தெரியுதுங்களே."

அவர் சிரிப்பு நின்றது. என் கையிலிருந்து லென்ஸை வாங்கினார். உள்ளே பார்க்கக்கூட இல்லை. துணியில் சுற்றினார், டப்பாவில் வைத்தார், மூடியை அழுத்தினார். "இது விக்கறதுக்கு இல்லம்மா. டீ சொல்றேன், குடிச்சிட்டுப் போங்க." அதையும் நான் பேரம் என்றே எடுத்துக்கொண்டேன். எழுந்து நடந்தேன். எழுந்து போகிறவளை எந்த வியாபாரியும் மூன்றாம் படிக்குள் கூப்பிட்டுவிடுவான். மூன்றாம் படியில் நின்றேன். கூப்பிடவில்லை. ஐந்தாம் படியிலும் நின்றேன். பின்னால் உன் செருப்புச் சத்தம்தான் வந்தது. நீ என் பின்னால் இறங்குவதற்கு முன் அவரிடம் அந்த லென்ஸை வாங்கி ஒரு தடவை வெளிச்சத்தில் பார்த்திருக்கிறாய் என்று பாய் சொல்லித்தான் எனக்கு அப்புறம் தெரிந்தது. படியில் என்னைத் தாண்டிப் போகும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாய். "எருமப்பட்டியிலயும் இதேதான்மா பண்ணுன."

அதற்கு என் பதிலை இப்போது சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு எருமப்பட்டியில் உனக்குப் பெண் பார்க்கப் போனோம். நீயும் அந்தப் பெண்ணும் வேப்ப மரத்தடியில் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தீர்கள். நீ வந்து உட்கார்ந்தபோது உன் தோள் இரண்டும் அப்படித்தான் இறங்கியிருந்தன. எனக்கு அன்றைக்கும் அதே பயம். பையன் விழுந்துவிட்டான் என்று தெரிந்தால் அவர்கள் கை ஓங்கிவிடுமே என்று. சுற்றிப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "வாசலு கொஞ்சம் சிறுசாட்ட இருக்குதுங்களே, நாளைக்கு எங்க சனம் பத்து வண்டியில வந்தா எங்க நிறுத்தறதுங்க?" என்று கேட்டுவைத்தேன். அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து நின்று, "எங்க வாசலு இவ்வளவுதானுங்க. உங்க தோதுக்குப் பெரிய வாசலாப் பாத்துக்குங்க" என்று கை கூப்பினார். நான் காரில் ஏறியும் திரும்பிப் பார்த்தேன், கூப்பிடுவார் என்று. இரண்டு வாரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம், வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டதாகச் சேதி வந்தது. நீ அன்றைக்குச் சாப்பிட்டாய், படுத்தாய், மறுநாள் லோடு ஏற்றப் போனாய். மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வதுதான் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

என் தப்பைச் சொல்லிவிட்டேன். உன்னுடையதையும் சொல்லாமல் விட மாட்டேன், அதற்கு நான் வேறு பிறவி எடுக்க வேண்டும். வாய் எதற்குக் கண்ணு இருக்கிறது? எருமப்பட்டியில் "எனக்குப் புடிச்சிருக்குது, நீ சும்மா இரும்மா" என்று ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கோபப்பட்டிருப்பேன், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டியிருப்பேன், அடுத்த முகூர்த்தத்தில் பந்தல் போட்டிருப்பேன். சேலத்தில் "பூஞ்சை இல்லம்மா, பொய் சொல்லாத" என்று பாய் முன்னாலேயே என் மூஞ்சியில் அடித்திருந்தால் லென்ஸ் அன்றைக்கே உன் பையில் இருந்திருக்கும். உனக்குக் கால்தான் வேலை செய்கிறது. மறுநாள் விடிய முதல் பஸ்சுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய உன்னையும் டார்ச் அடித்தா பார்க்க முடியும்? இது பதினோரு மாதம் அட்டையை வைத்துக்கொண்டு நடந்தாயே, அதே வியாதிதான். குறையே இல்லாத சாமான் வரும், குறையே இல்லாத நேரம் வரும் என்று நீ நிற்கிறாய். நீ நிற்கிற இடத்தில் நான் புகுந்து பேசுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் கெடுக்கிறோம்.

நீ போன அன்றைக்கு உன் அப்பா என்னிடம் சொன்னதையும் எழுதுகிறேன், உனக்குச் சந்தோஷமாக இருக்கும். "நாப்பது வருசம் லாரி ஓட்டுனேன் புள்ள. ஆஸ்பத்திரிக்கு முன்னால ஆரன் அடிக்காதேன்னு போர்டே வெச்சிருப்பான். நீ கரெக்டா அங்கதான் அடிப்ப." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவருக்கும் கால்தான்.

நான் திரும்பவும் சேலம் போனேன். முதல் தடவை இரண்டு அட்டை முட்டை எடுத்துக்கொண்டு போனேன், அன்றைக்கு விடியற்காலை பொறுக்கியது. பாய் உட்காரச் சொன்னார், டீ சொன்னார். ஒரு முட்டையை எடுத்தார். எழுந்து டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "உள்ள ரத்தப் புள்ளி இருக்கறாப்புல இருக்கே" என்றார்.

"என் முட்டையிலயா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏனுங்க பாய், காலைல போட்ட முட்டை! உடைச்சுக் காட்டட்டுங்களா? சொந்தப் பண்ணை வெச்ச நாளா ஒருத்தன் என்னையப் பாத்து இப்படிச் சொன்னதில்லீங்க!"

அவர் முட்டையை அட்டையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "கோவம் வருதுல்லம்மா?"

நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை. அவர் சொன்ன விலைக்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்றேன். "ஏம்மா, பூஞ்சை புடிச்ச சாமானுக்கு ஆராச்சும் ரெட்டை வெலை குடுப்பாங்களா? நீங்க யாவாரம் தெரிஞ்சவங்க" என்றார். கீழே வந்து காரில் உட்கார்ந்துகொண்டு, ராசிபுரம் வரைக்கும் அவரைத் திட்டினேன். அதற்கப்புறம் திட்ட அவர் ஞாபகம் வரவில்லை, என் ஞாபகம்தான் வந்தது.

இரண்டாம் தடவை வெறும் கையோடு போனேன். படியேறியதும் நின்றபடியே சொன்னேன்: "பூஞ்சை இல்லீங்க பாய். நான் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. சும்மாதான் சொன்னேன்."

"எனக்குத் தெரியும்மா. நாந்தான அதத் தொடைக்கறவன்." அவர் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "ஆனா தம்பி அன்னைக்கு என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. தலையக் குனிஞ்சுட்டே எறங்கிப் போச்சு. தம்பிய நேரா வெச்சுக்கிட்டு நீங்க இப்ப சொன்னதச் சொல்லுங்க. அப்புறம் எடுத்துட்டுப் போகட்டும். அன்னைக்குச் சொன்ன அதே வெலைதான். கூடவும் வேண்டாம், கொறைக்கவும் மாட்டேன்." ஒரு பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டே, "தம்பி உங்களப் படம் எடுத்திருக்குதா?" என்று கேட்டார். "மூஞ்சிக்கு நேரா நீட்டாதடான்னு வெரட்டிருவேனுங்க. எடுத்தா தூரத்துல நின்னு எடுத்துக்குவான்" என்றேன். பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வைடு லென்ஸுன்னா தள்ளி நின்னு எல்லாத்தையும் அடைக்கறதுக்குன்னு நெனைக்கறாங்கம்மா. தள்ளி நின்னா அதுல எல்லாம் எறும்பாத்தான் தெரியும். அது பக்கத்துல போறதுக்கு. ஆள் மேல முட்டற மாதிரி போகணும், அப்பத்தான் ஆளும் பெருசா நிக்கும், பின்னால ஊடும் தெரியும். பக்கத்துல உடாத ஆளுகிட்ட அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

இது உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் உன் முன்னால் சொல்லச் சொன்னார். நீ முன்னால் வருவதாக இல்லை. ஆகவே ஊரார் முன்னால் சொல்கிறேன், அதில் நீயும் ஒருவனாக நின்று கேட்டுக்கொள். அந்த லென்ஸில் பூஞ்சை இல்லை. நான் பொய் சொன்னேன். எருமப்பட்டி வாசலும் சிறியதில்லை. நம் வாசலைவிடப் பெரியது, இருபது வண்டி நிற்கும். அந்த வீட்டுக்கு நான் மறுநாளே திரும்பிப் போய் இதைச் சொல்லியிருக்கலாம். நாற்பது நிமிட வழி. போகவில்லை. இனி போய்ப் பிரயோசனமில்லை, அந்தப் பெண் தன் குடித்தனத்தில் நன்றாக இருக்கிறாள், இருக்கட்டும். சேலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் செருப்புக் கடைக்கு எதிரே காரை நிறுத்தியிருப்பேன். நீ கோயமுத்தூரிலிருந்து நேராக அங்கே வா. உன்னோடு ஒரு தடவை படி ஏறி, பூஞ்சை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவைத்துக்கொள்வேன். நீயும் அவரும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். கொடுக்க வேண்டியதை நீ கொடு, என் கையைப் பார்க்காதே. தயவுசெய்து அங்கே வந்து இருபத்தெட்டு தேவலையோ என்று அட்டையை மட்டும் எடுத்துவிடாதே, எனக்கு நெஞ்சு அடைத்துவிடும்.

இறங்கி வரும்போது கார்க் கண்ணாடியைத் தட்டு. இறக்குகிறேன். மாட்டிக்கொண்டு வந்திருந்தால் முதல் படத்தை என்னையே எடுத்துக்கொள். பாய் சொன்னதுபோலப் பக்கத்தில் வந்து எடு. நான் விரட்ட மாட்டேன் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் என் வாய் எனக்குத் தெரியும். தலை கலைந்திருக்கிறது, வெயில் கண்ணில் அடிக்கிறது, இதெல்லாம் ஒரு கேமராவா என்று எதையாவது சொல்வேன். சொன்னால் சொல்லிக்கொண்டிருக்கட்டும். நீ எடுத்துவிடு.

உன் அம்மா